நாலாம் நம்பர் மைக்

எங்கள் ஆற்றங்கரை ஊரான பல்மரீட்டோவில் புதுப்பாட்டுப் போட்டி நடக்கும்போது, மைக் செட் போட்டவள் இரண்டு கையையும் தூக்கித் தொப்பிமேல் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். போலீஸிடம் பிடிபட்டவள் மாதிரி. அக்கார்டியன் இழுக்க ஆரம்பித்ததும் கை மேலே போய்விட வேண்டும். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும்வரை கீழே வரக் கூடாது. நடுவில் மிக்ஸரின் ஏதாவது ஒரு குமிழில் விரல் பட்டால் போதும், அந்தப் பாட்டு தள்ளுபடி. இதைக் கண்காணிப்பதற்கென்றே நடுவர்களில் ஒருவர் எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார்.

வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எண்பத்தைந்தில் நடந்தது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? பக்கத்து ஊர்க்காரன் பாடும்போது நான் வேண்டுமென்றே அவன் குரலைக் குறைத்துவிட்டேனாம். கடவுள் சத்தியமாக நான் குறைக்கவில்லை, காற்று திரும்பியது. ஆகஸ்டில் மூன்று மணிக்கு ஆற்றுக்காற்று கிளம்பினால், பாட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் எதிர்க்கரை மாடுகளுக்குக் கேட்க வைக்கும். கல்லெடுத்து நிற்கிறவனிடம் காற்றைப் பற்றி விளக்க முடியுமா? இரண்டு ஸ்பீக்கர் கிழிந்தது, என் நெற்றியில் மூன்று தையல். அடுத்த வருஷமே தொப்பி விதி வந்துவிட்டது.

அதற்கும் முந்தியது இன்னொரு விதி. புதுப்பாட்டு என்றால் புதுப்பாட்டு. மேடையேறும் நிமிஷம்வரை அதில் ஒரு வரிகூட ஊரில் யார் காதிலும் விழுந்திருக்கக் கூடாது. அதனால் காலையில் மைக் டெஸ்ட் செய்யும்போது யாரும் தங்கள் பாட்டைப் பாட மாட்டார்கள். ஒருவர் ஜெபம் சொல்வார். ஒருவர் மாமியாரைத் திட்டுவார். மருந்துக் கடைக்காரர் ஒருவர் இருமல் மருந்துகளின் பெயர்களை ராகம் போட்டு இழுப்பார். அது அவர் பாட்டைவிட நன்றாக இருக்கும். இதையெல்லாம் வைத்துத்தான் நான் ஒவ்வொருவருக்கும் சத்தத்தின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆளைக் காட்டாமல் சட்டை தைக்கச் சொல்கிற கதைதான்.

அந்த மைக் செட்டை உபால்டோவும் நானும் சேர்ந்து ஓட்டினோம். மிக்ஸரும் மைக்குகளும் என்னுடையவை. லாரி அவனுடையது. அதற்கு முன்னால் அவன் பஸ் கண்டக்டர். மைக்கே இல்லாமல் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற தொண்டை. ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் சிவப்புப் பெயின்டில் 'பிடிவாதக்காரி' என்று கொட்டை எழுத்தில் எழுதியவன் அவன்தான். செட்டுக்குப் பெயர் வேண்டாமா என்று கேட்டான். யாரை நினைத்து எழுதினான் என்று எனக்கா தெரியாது!

அடடா, என்ன நாட்கள் அவை. விடியும்போதே லாரி சதுக்கத்துக்கு வந்துவிடும். பீர் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் ஸ்பீக்கர்களை ஏற்றுவோம். வெயிலில் மிக்ஸர் கொதிக்காமல் இருக்க என் பழைய குடையைக் கட்டி வைப்போம். ஜெனரேட்டர் கிளம்ப மறுத்தால் உபால்டோ அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான், அது பயந்துபோய் ஓடும். பதினொரு மணிக்கு வறுத்த மீனும் மரவள்ளிக்கிழங்கும் வரும். ஒரே இலையில் இருவரும் சாப்பிடுவோம். தலைப் பகுதி எனக்கு. அதில் சண்டையே கிடையாது. சண்டை எல்லாம் வயரில்தான். நான் வயரை முழங்கையில் சுற்றுவேன். அது அவனுக்குப் பிடிக்காது. தரையில் வட்டம் வட்டமாகப் போட்டுத்தான் சுருட்ட வேண்டுமாம்.

"முழங்கையில சுத்தாதே, சுத்தாதேன்னு எத்தனை தடவ சொல்றது? உள்ள கம்பி முறுக்கிக்கும், டெயா."

"பதினோரு வருஷமா முறுக்கல. உனக்குத்தான் என்னமோ முறுக்கிக்கிட்டுக் கிடக்கு."

"உன்கிட்ட வாய் கொடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

இப்படியே எங்கள் பொழுது போயிற்று. கல்யாணம் கார்த்திகை என்று எங்களிடம் யாராவது கேட்டால் இருவரும் சேர்ந்து சிரிப்போம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பேன்.

எண்பத்தேழில், காலடியில் நாயோடு நிற்கிற எங்கள் ஊர்ப் புனிதர் சான் ரோக்கேயின் திருவிழாவன்று காலை, மீனைப் பிய்த்துக்கொண்டே சொன்னான், போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பதாக.

"நீயா? பஸ் ஸ்டாப்பு பேரெல்லாம் சேத்துப் பாட்டு கட்டினியா?"

அவன் சிரிக்கவில்லை. "பரிசு கெடக்குது விடு. இந்தப் பாட்டு கேக்கணும் டெயா. அவ்வளவுதான்."

"கேக்க வெக்கத்தானே நான் இருக்கேன்."

"அதுதான் பயமே. நீ என் கூட்டாளி. பாதியில நீ ஒரு விரல் வெச்சாலும், தன் ஆளுக்காகச் சத்தத்தத் தூக்கிவிட்டாள்னு ஊரே கத்தும். மறுபடி கல்லு பறக்கும். என்ன ஆனாலும் சரி, தொப்பிலேர்ந்து கைய எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சான் ரோக்கே மேல சத்தியம். அவரோட நாய் மேலயும் சத்தியம். போதுமா?"

"போதும் மகராசி."

பிறகு டெஸ்டுக்கு மேடையேறினான். நாலாம் நம்பர் மைக் அவனுக்கு. கண்டக்டர் குரலை எடுத்து, "ஃபுண்டாசியோன், எல் கோப்பே, பொஸ்கோனியா, இறங்கு இறங்கு, படியில நிக்காதே!" என்று ஒரு கத்து கத்தினான் பாருங்கள், ஸ்பீக்கர் 'கீ' என்று அலறிவிட்டது. மரத்திலிருந்த காக்கை குருவி எல்லாம் போயே போய்விட்டது. சதுக்கமே சிரித்தது. நான் நாலாம் குமிழைக் கால்வாசிக்கு இறக்கி, சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டேன். கத்துகிறவன் பாடும்போதும் கத்துவான் என்று நினைத்துவிட்டேன். பதினோரு வருஷம் பக்கத்திலேயே இருந்து அவன் குரலைக் கேட்ட முட்டாள் நான்.

மூன்றரை மணிக்கு அவன் முறை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான். அந்தச் சட்டையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் வழக்கம்போல அவன் மைக்கை மட்டும் என் ஹெட்போனுக்குத் திருப்பிச் சரிபார்த்தேன்; குமிழ் எவ்வளவு இறங்கியிருந்தாலும் ஹெட்போனில் முழுசாகக் கேட்கும். அக்கார்டியன் ஆரம்பித்தது. கையைத் தொப்பிமேல் வைத்தேன். எதிரே நடுவர் தோன் ஆனிபால் என் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உபால்டோ பாட ஆரம்பித்தான். சதுக்கத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கார்டியன் கேட்டது, தோல் வாத்தியம் கேட்டது, அவன் உதடு அசைந்தது. அவ்வளவுதான். அவன் மெல்லப் பாடினான், காதோடு காதாகச் சொல்கிறவன் மாதிரி.

"சத்தம்! சத்தம்!"

"ஏய் டெயானிரா, தூங்கறியாடி? கூட்டு!"

ஆரஞ்சுத் தோல் ஒன்று என் தோளில் வந்து விழுந்தது. நான் அசையவில்லை. ஏனென்றால் ஹெட்போனில் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது, அவன் மூச்சு இழுப்பதுகூட.

முழங்கையில் வயர் சுற்றுகிறவளே, ஊரார் குரலையெல்லாம் உயர்த்தி விடுகிறவளே, உன் குரலை மட்டும் எந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டினாய்?

இப்படிப் போயிற்று பாட்டு. மீன் தலை வந்தது. பழைய குடை வந்தது. என் நெற்றியிலிருந்த மூன்று தையலும் வந்தது. அவன் நினைத்திருந்தால் மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கலாம். ஆனால் அது கத்துகிற பாட்டு இல்லை. நாலாம் குமிழ் என் மார்புக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஒரு விரல் போதும். தொட்டால் பாட்டு தள்ளுபடி, சத்தியமும் போச்சு. தொடாவிட்டால் ஊருக்கு அது பிறக்கவே இல்லை. இந்த ஊரில் தோற்ற பாட்டை யாரும் மறுபடி வாயில் எடுக்க மாட்டார்கள், கேலி பேசியே கொன்றுவிடுவார்கள்.

இரண்டாயிரம் பேர் இருந்த சதுக்கத்தில் அந்தப் பாட்டைக் கேட்டவள் நான் ஒருத்திதான். கை தொப்பிமேலேயே இருந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கக்கூட முடியவில்லை. வெயில் என்று நினைத்திருப்பார் தோன் ஆனிபால்.

பரிசு மருந்துக் கடைக்காரருக்குப் போயிற்று. அதற்குமேல் என்ன சொல்ல!

கூட்டம் கலைந்ததும் உபால்டோ என்னிடம் வந்தான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"யாருக்குமே கேக்கலையாமே."

"ம்."

"உனக்கு? உனக்காவது ஏதாவது கேட்டுதா?"

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. வாய் எட்டு ஊர் நீளம், நெஞ்சில் மட்டும் துளி தைரியம் கிடையாது. கேட்டது என்றால் பதில் சொல்ல வேண்டுமே. பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"ஒரு வார்த்தைகூடக் கேக்கல."

என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தான். "சரி, விடு" என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்டப் போனான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் முழங்கையில் சுற்றினான். நான் பார்த்தும் பார்க்காதவள்போல மைக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எல்லை தாண்டி மரக்காய்போவுக்குப் போய்விட்டான், மறுபடி பஸ் வேலைக்கு. அங்கேயே குடும்பமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வரும். ஸ்பீக்கர் எப்படி இருக்கிறது, பிடிவாதக்காரி எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருப்பான். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் பதில் எழுதுவேன். போன மார்ச்சில் அவன் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. அன்று முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை. ஊருக்கே ஆச்சரியம்.

இந்த ஆகஸ்டில் போட்டிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். காலை டெஸ்டுக்கு நாலாம் நம்பர் மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

"உன் பாட்டப் பாடிடாதேம்மா, தள்ளிடுவாங்க. ஜெபம் சொல்லு, யாரையாவது திட்டு, உன் இஷ்டம்" என்றேன்.

"எங்கப்பா பாட்டு ஒண்ணு பாடறேம்மா. அத எங்க வீட்டத் தவிர எங்கயும் பாடினதில்ல."

மெல்லத்தான் ஆரம்பித்தாள். முழங்கையில் வயர் சுற்றுகிறவளே.

என் கையில் சுற்றிக்கொண்டிருந்த வயர் நழுவிக் கீழே விழுந்தது. நாலு வரி போயிற்று. அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அளவு சரியா இருக்காம்மா?"

"நீ... நீ உபால்டோ பொண்ணா?"

"ஆமாம்மா. யோலிமா. பல்மரீட்டோவுக்குப் போனா டெஸ்டுக்கு இதத்தான் பாடணும்னு அப்பா சொல்லியிருந்தார். மிக்ஸர்ல ஒரு அம்மா இருப்பாங்க, இந்தப் பாட்டத் தெரியவே தெரியாதும்பாங்க, நம்பாதேன்னார். கைய எடுக்காம உக்காந்திருந்தாங்க, ஆனா மேடையிலேர்ந்து பாத்தேன், அழுதுக்கிட்டிருந்தாங்கன்னார்."

காலை டெஸ்டுக்கு எந்த விதியும் கிடையாது. எதிரே நாற்காலி இல்லை, நடுவர் இல்லை. மீன் வறுக்கிறவர்களும் தோரணம் கட்டுகிறவர்களும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நாலாம் குமிழில் விரலை வைத்து மேலே தள்ளினேன், அந்த வருஷம் நான் சுண்ணாம்புக்கோடு போட்ட அளவைத் தாண்டி, சதுக்கத்தின் கடைசி வீடுவரை போகிற அளவுக்கு.

"முதல்லேர்ந்து பாடும்மா," என்றேன். "இப்பக் கேக்கும்."