காக்காவின் வக்கீல்

ஒரு காகம் என் வீட்டுக்காரரின் வழுக்கைத் தலையைக் குறிவைத்துவிட்டது. தெருவில் எத்தனையோ தலைகள் போகின்றன. அது இவரை மட்டும்தான் கொத்தும். தொப்பி போட்டுப் பார்த்தார், குடை பிடித்துப் பார்த்தார், ஒருநாள் என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டுகூட ஆபீசுக்குக் கிளம்பினார். அது ஏமாறவில்லை. மேலதிகாரிகளைக் காக்கா பிடித்தே பதவி உயர்வு வாங்கிய மனிதருக்கு நிஜக் காக்காவிடம் பாச்சா பலிக்கவில்லை.

கடைசியில், பால்கனிக்கு எதிரே நிற்கும் மரத்தை வெட்ட ஆளை வரச் சொல்லிவிட்டார். அந்த மரத்தில்தான் கூடு. இரண்டு குஞ்சுகள் இருந்தன. ஒன்றைப் பருந்து தூக்கிவிட்டது போலிருக்கிறது. மிச்சமிருப்பதைத் தினமும் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். இவரிடம் சொல்லிப் பயனில்லை. நேராக மாமனாரிடம் போனேன்.

மாமனார் கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதி நாற்காலியில் ஒருநாளாவது உட்காரவில்லையே என்ற ஏக்கம் இன்னும் அவருக்குத் தீரவில்லை. எப்போது பார்த்தாலும் ஏதாவது வரலாற்றுப் புத்தகம் படிப்பார்.

"அந்தக் காலத்துல சில நாடுகள்ல எலி மேலயே கேஸ் போட்டிருக்காங்கம்மா, பயிரைத் தின்னுச்சுன்னு. எலிக்கு வக்கீல் வேற! எலி ஏன் கோர்ட்டுக்கு வரலைன்னு கேட்டா, 'வழியில பூனை இருக்கு, என் கட்சிக்காரர் உயிருக்குப் பயப்படறார்'னு வாதாடியிருக்கான்."

"எலிக்கு அவ்வளவு மரியாதையா மாமா?"

"ஆமா. தப்பு பண்ணுச்சுன்னு நினைச்சாலும், பதில் சொல்ல விட்டான். நாம கேக்கறதே இல்ல, வெட்டிடறோம்."

சொன்ன வாய் மூடுவதற்குள் விசாரணையை ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு மேசைதான் கோர்ட். நான் காக்காவின் வக்கீல். மரம் வெட்ட வந்தவர் கோடாலியைக் காலடியில் வைத்துவிட்டு டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தார்.

"காக்கா! காக்கா! காக்கா!" என்று மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பி மூன்று முறை கூப்பிட்டார். பதில் இல்லை.

"வரல பாருங்க. தீர்ப்பைச் சொல்லிடுங்கப்பா," என்று குதித்தார் இவர்.

"எப்படி வரும்? பால்கனியில கைத்தடி சாத்தி வெச்சிருக்கே. என் கட்சிக்காரருக்கு அதுதான் பூனை," என்றேன். "நீங்க பதில் சொல்லுங்க. உங்க தலையை மட்டும் அது ஏன் கொத்துது?"

"எனக்கென்ன தெரியும்?"

"போன வாரம் நான் கடைக்குப் போயிட்டு வந்தப்ப பால்கனி பூரா சுள்ளியா கெடந்துச்சே?"

இவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "ஓயாம கத்திச்சு. கூட்டை லேசாத்தான் தட்டினேன். ஒரு குஞ்சு... விழுந்துடுச்சு."

பாவம், அந்தப் பருந்தை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"எதால தட்டினீங்க?"

இவர் அப்பாவைப் பார்த்தார். "அந்தக் கைத்தடியாலதான். அப்பாதான் எடுத்துக் குடுத்தார். மத்தியானத் தூக்கம் கெடுதுன்னு."

நீதிபதிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அப்ப காக்கா மேல தப்பே இல்லீங்களே," என்று மரம் வெட்டுகிறவர் டம்ளரை வைத்துவிட்டு, கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"நீதிபதியே கூட்டுக் களவாணி. இனி தீர்ப்பு நான்தான் சொல்வேன்," என்றேன். "ரெண்டு பேரும் பால்கனிக்குப் போங்க. குடை கூடாது."

போனார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கோ," என்று முனகினார். மாமனாரோ, "நீதிபதி மன்னிப்பு கேக்கற வழக்கமில்ல," என்று விறைத்துக்கொண்டு நின்றார்.

காகம் வந்து கைப்பிடியில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து மகனைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. பிறகு எழும்பி, மாமனாரின் உச்சந்தலையில் நச்சென்று ஒன்று வைத்தது.

"ஐயோ! தப்புதாம்மா, மன்னிச்சுடும்மா!"

என்னைத் தவிர வேறு யாரையும் அவர் அம்மா போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அது கூட்டுக்குத் திரும்பிப் போனது. மிச்சமிருந்த குஞ்சு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.