வாப்பாவின் படம்

வாப்பாவின் அக்கா ஆபிதா மாமி, நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு, குழந்தைப் படம் போட்ட காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். கட்டிலில் வாப்பாவுக்கு மூச்சு தொண்டையிலேயே இழுத்துக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக ஓயாமல் ஆடிய வலது கை இப்போது போர்வை மேல் சும்மா கிடந்தது. மகள் அஸ்ஃபியாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"படம் இருந்தா வானத்து மலக்குமார் உள்ள வரமாட்டாவ. ஏளா, வேற எதும் கிடக்கா?"

அஸ்ஃபியா அண்ணாந்து பார்த்தாள். அலமாரி மேல் பெரிய காக்கி உறை இருந்தது. நடுக்கம் உள்ளவர்களின் மூளையையும், அதே வயதில் நடுக்கம் இல்லாதவர்களின் மூளையையும் படம் எடுத்து ஒத்துப்பார்க்கிற ஆராய்ச்சிக்கு மதுரை டாக்டர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். வாப்பா போனார். துணைக்குப் போன உம்மாவையும் நடுக்கம் இல்லாதவள் என்று படம் எடுத்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும்மா. இந்த நோய் படத்துல லேசுல பிடிபடாது. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லித்தான் டாக்டர் ஆளுக்கொரு நகலை அந்த உறையில் போட்டுக் கொடுத்தார்.

வோட்டு அட்டைக்குப் படம் பிடிக்க வந்த அன்று பள்ளிவாசலுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட மனுஷர் வாப்பா. "மொகம் தெரியாதுல்லா? அப்பம் சரி" என்றுதான் அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுத்தார். அவருக்கு வேறு படமே கிடையாது.

"அது என்ன கவரு?"

"மூளைப்படம் மாமி. உருவம் இல்ல."

"மண்டை தெரியுதுங்காவ, உருவம் இல்லங்கா! எட்டாங்கிளாஸ்ல நின்னவ வாயப் பாரு."

வாப்பாவின் மூச்சு தடுக்கியது. எல்லோரும் கட்டில் பக்கம் திரும்பினார்கள். அஸ்ஃபியா உறையில் மேலாக இருந்த படத்தை உருவிச் சுருட்டித் தாவணிக்குள் மறைத்தாள். வாப்பாவுடையதுதான் மேலே இருக்கும்.

போன மூச்சு திரும்பவில்லை. யாசீன் ஓதிக்கொண்டிருந்த உம்மாவின் குரல் நடுவில் நின்றது.

மையத்தைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்ட அடுப்பிலேயே மாமி உறையைத் திணித்தாள். வீடு முழுக்கக் கருகல் வாடை.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டிய அறையில் உம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அதையும் எரிச்சிட்டாவளா?"

அஸ்ஃபியா கதவைச் சாத்திவிட்டு, படத்தை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மூலையில் பொடி இங்கிலீஷ் எழுத்து. கூட்டிப் படித்தாள். ஹமீது பீவி. உம்மாவின் பெயர்.

உம்மாவுக்கு அரபி ஓத மட்டும்தான் தெரியும். அவள் பைய எழுந்து வந்து, படத்தின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"ஆடாம அசையாம எப்படி இருக்காவ, பாத்தியா?"

"ஆமா உம்மா."

மூலையில் அழுத்தியிருந்த பெருவிரலை அஸ்ஃபியா எடுக்கவில்லை.