எண்பதில் நிற்க வேண்டும்

மருமகள் செய்யும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பகலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்றால் புரிந்துகொள்வார்கள். மிச்ச நேரத்தில் லேப்டாப்புக்கு டிரைவர் எழுதுகிறாள், அதுவும் ஓசியில், என்றால்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "ஓசியிலயா? யாருக்கு?" என்பார்கள். யாருக்கென்று அவளுக்கு மட்டும் தெரியுமா என்ன!

விஷயம் இதுதான். லேப்டாப்பின் விசிறி, விசைப்பலகையின் வெளிச்சம், பேட்டரி எல்லாவற்றோடும் இயங்குதளம் பேச வேண்டுமானால் நடுவில் ஒரு சின்ன நிரல் வேண்டும். அதற்குப் பெயர்தான் டிரைவர். கம்பெனிக்காரன் தான் விற்கும் இயங்குதளத்துக்கு மட்டும் அதை எழுதிக் கொடுத்துவிட்டு அக்கடா என்று போய்விடுவான். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இருக்கிற திறந்த மூல இயங்குதளத்துக்கு, அந்த லேப்டாப்பை வாங்கிய யாராவது ஒரு புண்ணியவான் உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. இந்த மாடலுக்கு அந்தப் புண்ணியவதி இவள். விசிறியை எழுதினாள், வெளிச்சத்தை எழுதினாள். பேட்டரி மட்டும் பாக்கி இருந்தது. நாள் முழுக்கச் சார்ஜரில் கிடந்து நூறிலேயே நிற்கும் பேட்டரி இரண்டு வருஷத்தில் உப்பிப்போகும். எண்பதில் நிறுத்திவிட்டால் ஆயுசு கெட்டி.

அதை எழுதி முடிப்பதற்குள் லேப்டாப் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டது. மாமியார் காலமாகி மூன்று வருஷம். இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் இருந்த ஊரில் அவர் தனியாக இருந்தார். குடிநீர் நிலையத்தில் முப்பத்துநான்கு வருஷம் பம்ப் ஆபரேட்டர். ஓய்வுக்குப் பிறகு பேப்பர் படிக்கவும் முகம் தெரியாதவர்களோடு சதுரங்கம் ஆடித் தோற்கவும் அந்த லேப்டாப் அவருக்குப் போதுமாக இருந்தது.

போன மாதம் போனபோது புது டிரைவரை அதில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "மாமா, சார்ஜர் போட்டபடியே இருக்கட்டும். எண்பது வந்ததும் அதுவா நின்னுடணும். நிக்குதான்னு மூணு வாரம் பாத்துச் சொன்னீங்கன்னா போதும்."

"இவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன். நீ கவலைய விடு."

தினமும் சாயங்காலம் போன் வரும். "நிக்குது மா. எண்பதுல டாண்ணு நிக்குது." மூன்று வாரத்தில் ஒரு நாள் தவறவில்லை. சம்பளம் கொடுத்து ஆள் வைத்தாலும் இந்தப் பொறுப்பு வராது என்று அவளுக்கு ஒரே பெருமை.

இந்த மாதிரி வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடியில், எழுதியவர் யார், கையில் இருக்கும் நிஜ லேப்டாப்பில் சோதித்தவர் யார் என்று இரண்டு வரி வரும். சோதித்தவர் என்ற இடத்தில் அவள் மாமனாரின் பெயரைப் போட்டு அனுப்பினாள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கும் மனிதரை அவள் பார்த்ததே இல்லை. கடிதங்களின் தொனியை வைத்து வீட்டில் அவருக்குக் 'கறார்' என்று பெயர் வைத்திருந்தாள். கறார் அந்தப் பெயரை நம்பி மாற்றத்தை முன்னோட்டப் பதிப்பில் சேர்த்துக்கொண்டார்.

பத்தே நாளில் புகார் வந்தது. ஒன்றல்ல, நான்கு. நான்கு பேருக்கும் எண்பதில் நிற்கவில்லை, நேராக நூறுக்குப் போகிறது. அதில் ஒருவர், ஏற்கெனவே பழசாகியிருந்த பேட்டரி உப்பி டச்பேடையே மேலே தூக்கிவிட்டதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கறார் சுருக்கமாக எழுதினார்: ஒருவர் நிற்கிறது என்கிறார், நான்கு பேர் இல்லை என்கிறார்கள், எல்லாருக்குமான வெளியீட்டுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, காரணம் தெரியாவிட்டால் எடுத்துவிடுவேன், இனி நீ அனுப்பும் சோதித்தவர் வரியை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்டுத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

கடைசி வரிதான் அவளைச் சுட்டது. எழுதியது போனால் போகட்டும், திரும்ப எழுதிக்கொள்ளலாம். வாக்கு போனால்? ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது அது ஒன்றைத்தான். 'என் சோதனையாளர் முப்பத்துநான்கு வருஷம் அளவுமானிகளின் முன்னால் உட்கார்ந்தவர், அவர் சொன்னால் சரியாக இருக்கும்' என்று வீம்பாகப் பதில் போட்டாள்.

கணவன் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எங்கப்பாகிட்ட எதைக் கேட்டாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாரு. நீ உப்பே போடாம சமைச்சாக்கூட நல்லா இருக்கும்பாரு."

"சமையலும் இதுவும் ஒண்ணா? நான் எப்போ உப்பு போடாம சமைச்சேன்?"

அவன் அடுப்படிப் பக்கம் நழுவினான். ஆனால் அவன் சொன்னது அவளை விடவில்லை. சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே மாமனார் மேஜை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திரையில், வலது கை சுவரிலிருந்த சுவிட்சின் மேல். எழுபத்தொன்பது. அவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். மனிதர் இமைக்கக்கூட இல்லை. எண்பது வந்ததும் டக்கென்று சுவிட்சை அணைத்தார். பக்கத்திலிருந்த நோட்டில் தேதி, நேரம், எண்பது, சரி என்று எழுதினார். அப்புறம்தான் திரும்பினார்.

"அட, வா மா! ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே."

"மாமா, இப்ப என்ன பண்ணீங்க?"

"எண்பது ஆயிடுச்சு. நிறுத்தினேன்."

"நீங்க நிறுத்தினீங்களா?"

"முதல் நாள் அதுவா நிக்கும்னுதான் பாத்தேன். எண்பத்தொண்ணு, எண்பத்திரெண்டுன்னு ஏறிட்டே போச்சு. நீயே ஆயிரம் வேலையில இருக்க, உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நானே நிறுத்திட்டேன். ஒரு நாள் விடல. பேட்டரி எப்படி இருக்கு பாரு, புதுசு மாதிரி!"

சொன்ன முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை. அவர் வளர்ந்த தொழில் அப்படி. குடிநீர் நிலையத்தில் தொட்டி நிரம்பினால் பம்ப் தானாக நிற்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அது பதினோரு வருஷம் பழுதாகக் கிடந்தது. எழுதிப் போட்டும் எவனும் வந்து பார்க்கவில்லை. ஆபரேட்டர்கள் முறை வைத்து உட்கார்ந்து, குறி வந்ததும் கையால் நிறுத்தி, பதிவேட்டில் 'சரி' என்று எழுதினார்கள். பதினோரு வருஷத்தில் தொட்டி ஒரு தடவைகூட வழியவில்லை. நிறுத்தியது யார் என்று யார் கேட்டார்கள்?

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தாள். கோபமென்றால் அப்படிக் கோபம். "நாலு பேர் சொன்னதை நம்பாம உங்களை நம்பினேன், மாமா!"

"எண்பதுல நின்னுதா இல்லையா? நான் பொய் சொல்லலியே."

நல்ல கூத்து! சொல்லப்போனால் அதுவும் சரிதான். அவள் தன் லேப்டாப்பைத் திறந்து, அனுப்பிய மாற்றம் இருந்த பக்கத்தை எடுத்து, கடைசி வரியைக் காட்டினாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது என் பேரு."

"ஆமா. இந்த மாடல் வெச்சிருக்கறவங்க எல்லாரும் உங்க பேரை நம்பித்தான் சார்ஜரைப் போட்டுட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போறாங்க. அத்தனை பேர் வீட்டுலயும் நீங்க போய் உக்காந்து சுவிட்சை அமுத்துவீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போனது. நோட்டை எடுத்து, இத்தனை நாள் போட்ட 'சரி'களையும் ஒரு தரம் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

அவள் நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். அரை மணியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லை எவ்வளவு என்று கேட்டால் அவளுடைய டிரைவர் லேப்டாப்பிடம் போய்க் கேட்கவே இல்லை. 'எண்பது' என்று தான் சொல்லியனுப்பியதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. லேப்டாப்போ அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சார்ஜ் மறுபடி தொடங்கும் அளவு தொண்ணூற்றைந்தில் இருந்தது. முதலில் அதை எழுபத்தைந்துக்கு இறக்கினால்தான், நிற்கும் அளவை எண்பதாக ஏற்றுக்கொள்ளும். ஆக, லேப்டாப்பிடம் கேட்காமலே டிரைவரும் 'சரி' போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அதை எழுதியது அவள்.

"மாமா, உங்களை மட்டும் திட்டினது தப்பு. நானும் உங்களை மாதிரியேதான் பண்ணி வெச்சிருக்கேன்" என்றாள். அவர் சமாதானமானதாகத் தெரியவில்லை.

மதியத்துக்குள் திருத்திவிட்டாள். சார்ஜரைப் போட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். எழுபத்தெட்டிலேயே அவர் கை தானாகச் சுவரை நோக்கி நகர்ந்தது.

"மாமா, கை!"

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். எழுபத்தொன்பது. எண்பது. கால் மணி கழித்தும் எண்பது.

"நின்னுடுச்சு!" என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் இல்ல. புதன்கிழமை வரைக்கும் பாக்கணும். நீங்க சுவிட்ச் பக்கமே போகக் கூடாது. நூறுக்குப் போனாலும் போகட்டும், எனக்கு உண்மைதான் வேணும்."

அன்றே கறாருக்கு எழுதினாள். சோதனை வரி தவறு, சரியாகக் கேட்காதது என் குற்றம், திருத்தம் கையில் இருக்கிறது, சோதித்து முடிக்கப் புதன்கிழமை வரை பொறுங்கள் என்று. எழுதும்போது கூச்சத்தில் காது சிவந்தது. புதன் மதியம் பன்னிரண்டு, அதற்குமேல் ஒரு நிமிடம் இல்லை என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை போன் வந்தது. "நிக்குது மா."

"அதுவா நின்னுதா, நீங்களா?"

"சுவிட்சு மேல டேப் சுத்தி ஒட்டிட்டேன். நானே நினைச்சாலும் அமுத்த முடியாது."

செவ்வாய்க்கிழமையும் நின்றது. புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் பரிசோதனை நிலையத்தில், அனுப்ப வேண்டிய கடிதத்தைத் தயாராக வைத்துக்கொண்டு இருந்தாள். போன் அடித்தது. எப்போதும் சாயங்காலம்தான் கூப்பிடுவார்.

"இன்னைக்கு மதியம்தானே உனக்குக் கெடு?"

"ஆமா மாமா. சொல்லுங்க."

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

"நிக்கல மா. நேத்து சாயங்காலம்தான் முதல் தடவையா மூடி வெச்சேன். காலைல பத்தரைக்குத் திறந்தேன், கொஞ்ச நேரத்துல எண்பத்தாறுக்கு ஏறிடுச்சு. இப்போ தொண்ணூத்தொண்ணு. நான் கை வைக்கல. பக்கத்துலயேதான் நின்னுட்டிருக்கேன், மனசு கேக்கல. ஆனா கை வைக்கல."

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மூடினால் லேப்டாப் தூங்கப் போகிறது. எழுந்ததும் எல்லை மறந்துபோகிறது. டிரைவர் மறுபடி சொல்ல வேண்டும். எழுத ஒரு மணி நேரம் போதும். சோதிக்க இன்னும் மூன்று நாள் வேண்டும், இருப்பதோ ஒரு மணி நேரம். அவர் 'நிக்குது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் கடிதம் போயிருக்கும்.

தயாராக இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். தூங்கி எழுந்தால் எல்லை நிற்பதில்லை, இந்த வெளியீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அடியில் 'பழுதைக் கண்டு சொன்னவர்' என்று மாமனாரின் பெயர். அப்படியும் ஒரு வரி வழக்கத்தில் உண்டு. நான்கு மாத உழைப்பு இப்படிப் போகிறதே என்று வருத்தம்தான். இருந்தாலும் அனுப்பினாள்.

கறாரின் பதில் பத்து நிமிடத்தில் வந்தது. 'எடுத்துவிட்டேன். அடுத்த வெளியீட்டுக்கு அனுப்பு. இதே ஆளை வைத்துச் சோதி.'

அவள் அதை மூன்று தரம் படித்துவிட்டு மாமனாரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள்.

"உன் வேலையக் கெடுத்துட்டேனே மா."

"காப்பாத்திக் குடுத்திருக்கீங்க மாமா. நிஜமாத்தான் சொல்றேன்." கண் கலங்கியதைத் துடைத்துக்கொண்டு, போனை வைக்கும் முன் எப்போதும் கேட்பதைக் கேட்டாள். "மத்தபடி நீங்க நல்லா இருக்கீங்கல்ல?"

எப்போதும் யோசிக்காமல் 'நல்லா இருக்கேன்' என்பார்.

"இல்ல மா," என்றார். "ரெண்டு மாசத்துல மூணு தடவை தலை சுத்தி விழுந்துட்டேன். முதல் தடவை போன மாசம் பதினொண்ணாம் தேதி, காலைல ஏழே கால், குளியலறையில."

அவள் ஒரு தாளை இழுத்துக்கொண்டு, "இருங்க மாமா, எழுதிக்கறேன். ரெண்டாவது?" என்று கேட்டாள். அவர் தேதியும் நேரமுமாகச் சொன்னார். அன்று அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு மணி பஸ்ஸில் ஏறினாள்.