ரயிலா, டாக்சியா

எங்கள் ஊர் விமான நிலையத்தில், ரயிலா டாக்சியா என்று சொல்லாத வரைக்கும் யாரையும் வெளியே விடுவதில்லை. நல்ல ஏற்பாடு. காலையில் வந்து இறங்கினேன். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ரயிலா, டாக்சியா?"

ரயில் என்றேன். கதவு திறந்தது. மரியாதைக்கு, "போயிட்டு வரேன்மா" என்றும் சொல்லிவைத்தேன். அவர் என் புறங்கையில் ஒரு முத்திரை குத்தினார்.

முந்தின நாள் வில்லிவாக்கத்தில் என் அண்ணன் கோதண்டம் இறந்துபோயிருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி நான்தான் போட வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவதாகப் பேச்சு.

ரயிலுக்குப் போகும் நடைபாதை நடக்க நடக்க நீண்டது. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஓரமாக ஒரு குடும்பம் ஸ்டவ் பற்றவைத்து உப்புமா கிளறிக்கொண்டிருந்தது. ரயில்தான் சீக்கிரம் என்றார் அந்த வீட்டுக்காரர். டிராஃபிக்கே கிடையாதாம். அவருக்கு இந்த நடைபாதையிலேயே கல்யாணமாகி, மூத்த பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். ரயில்காரர்களின் பெருமைக்கு அளவே கிடையாது.

அப்போது போன் அடித்தது. தணிகாசலம் மாமா. என் அக்காவின் கணவர். கல்யாண வீடானால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடானால் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஆள். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவது எப்படி என்பது அவருக்குக் கரதலப் பாடம்.

"ரயில்ல எவனாவது வருவானாடா? டாக்சி புடிச்சு வா, எத்திராஜு."

பின்னால் அவருடைய தம்பி, ரயில்தான் சரி என்று கத்துவது கேட்டது. சாவு வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அண்ணிகூட ஒப்பாரியை நிறுத்திவிட்டு, பாடி மேம்பாலத்தில் டிராஃபிக், அந்தப் பக்கம் வரவே வேண்டாமென்று சொல்லச் சொன்னாராம். அண்ணன் பக்கத்தில் அப்போது யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று கேட்டேன். மாமாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

நடைபாதை முடிந்த இடத்தில் ரயில் இல்லை. அதே வாசல் இருந்தது. அதே அம்மா இருந்தார்.

டாக்சி என்றேன். போயிட்டு வரேன் என்றேன். இன்னொரு முத்திரை விழுந்தது.

டாக்சி உடனே கிடைத்தது. ஏறி உட்கார்ந்தேன். முன்சீட்டிலிருந்த டிரைவர் எனக்குப் போன் செய்தார்.

"சார், எங்க இருக்கீங்க?"

"உங்க பின்னாடிதாம்பா."

"லேண்ட்மார்க் ஏதாச்சும் சொல்லுங்க சார்."

என் மூக்கை அடையாளமாகச் சொன்னேன். எங்கே இறங்க வேண்டுமென்று கேட்டார். வில்லிவாக்கம் என்றேன். அந்தப் பக்கம் வண்டி வராது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வண்டி பார்க்கிங் கட்டடத்துக்குள்ளேயே மாடி மாடியாக ஏறியது. ஒவ்வொரு மாடியிலும் இதுதான் குறுக்கு வழி என்றார். டாக்சிக்காரர்களின் கர்வமும் லேசுப்பட்டதல்ல. உச்சி மாடியில் கதவைத் திறந்துவிட்டார். இறங்கினால் அதே வாசல்.

எனக்குக் கோபம் வந்தது. இது என்ன அநியாயம் என்று கேட்டேன்.

"என்ன அநியாயம்? போயிட்டு வரேன்னீங்க. திரும்பி வர முத்திரை குத்தினேன். போயிட்டு வந்துட்டீங்க," என்றார் அந்த அம்மா.

"நான் போகணும்னா என்ன சொல்லணும்?"

"போறேன்னு சொல்லணும்."

சொல்லிப் பார்த்தேன். 'போ' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு தானாக 'யிட்டு வரேன்' பக்கம் திரும்பிக்கொண்டது. குற்றம் நாக்குடையது அல்ல. போறேன் என்ற வாயில் சின்ன வயதிலேயே சூடு போட்டு வளர்த்த இனம் எங்களுடையது. எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுகூட போறேன் என்று சொல்லமாட்டோம். ஒன்றும் சொல்லாமல் நழுவுவோம்.

எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர் 'பை' சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவில்லை. எங்கள் ஆட்கள் மட்டும் பெட்டி படுக்கையோடு மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போய், மரியாதையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நானும் 'பை' சொன்னேன். தமிழில் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா.

பொழுது சாயப் போகிறது என்று அண்ணனையே விமான நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாதிப் பேர் ரயிலில் வந்தார்கள். பாதிப் பேர் டாக்சியில் வந்தார்கள். ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததில் இரண்டு கட்சிக்கும் பெரிய ஏமாற்றம்.

ஐஸ் பெட்டியைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். அங்கே பிளக் போட இடமில்லை. ஒயரைக் கதவடியில் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த என் போனைப் பிடுங்கிவிட்டு அண்ணனைச் சார்ஜில் போட்டேன்.

இரண்டு கண்ணாடிக்கு அப்பால் அண்ணன் முகம் தெரிந்தது. அவர் இடது பக்கம் வகிடெடுப்பார். வலது பக்கம் எடுத்து வாரியிருந்தார்கள். வழி சொல்லத் தெரிந்த இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அந்த அம்மா பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"ரயிலா, டாக்சியா?"

இரண்டு கட்சியும் பெட்டிக்கு மேல் கையை நீட்டிச் சண்டையை ஆரம்பித்தன. அண்ணனுக்கு எப்போதுமே சத்தம் ஆகாது. பெட்டிக்குள்ளிருந்து சொன்னார்.

"நான் போறேன்."

அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அம்மா முதல் தடவையாக முழுத் தலையையும் தூக்கினார். தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சரியாகச் சொன்ன நம் ஆள் இவர் ஒருவர்தான் என்றார். அண்ணனுக்கு எதிரே ரோட்டில் வண்டிகள் விலகி வழி விட்டன. என் பக்கத்துக் கதவு அசையவில்லை.

மாமா கண்ணாடியில் வாயை வைத்துச் சொன்னார். "கொள்ளிய நான் போட்டுக்கறேன். நீ சாவகாசமா வா." ஈர வேட்டியோடுதான் வந்திருந்தார். வீட்டிலிருந்தே தயாராக வந்திருக்கிறார்.

பெட்டியைத் தூக்க வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அது என் பக்கம் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிடுங்கினேன். ஒயர் கதவடியில் நழுவிப் போனது. அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"போயிட்டு வாங்கண்ணா."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். சாவில் சொல்லக் கூடாத வார்த்தை.  அந்த அம்மா கதவிடுக்கில் கையை நீட்டி, போய்க்கொண்டிருந்த பெட்டியின் மேல் ஒரு முத்திரை குத்தினார். எனக்கு ஒரு நாற்காலியும் கொடுத்தார்.

வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். போனை மறுபடி சார்ஜில் போடவில்லை. அந்த இடம் காலியாக இருக்கட்டும். அண்ணன் வருவார். ரயிலிலா டாக்சியிலா என்பதுதான் தெரியவில்லை.