உட்கார்ந்தபடி நடந்தவள்

காலை ஏழரை மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் டெய்லரக்காவின் கால் நிற்காது. முன்பாதம் ஒரு அழுத்து, குதிகால் ஒரு அழுத்து, மறுபடி முன்பாதம். மோட்டார் வைத்த மெஷின் அவளுக்குச் சரிப்படவில்லை. வளைவில் துணியைத் திருப்பும்போது வேகத்தைக் காலால்தான் பிடிக்க முடியும் என்பது அவள் கட்சி. முப்பது வருஷம் மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் இரண்டும் இறுகிப்போயிருந்தன. அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் அரசாங்கம், "நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடக்கவும்" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னது.

வாயால் சொல்லவில்லை. போன மாசம் ஊரில் பெரியவர்கள் எல்லோருடைய மணிக்கட்டிலும் ஒரு ரப்பர் பட்டையை மாட்டிவிட்டார்கள். யார் எத்தனை அடி நடக்கிறார்கள் என்று அது எண்ணும். ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி நடந்தால் பச்சை விளக்கு, குறைந்தால் சிவப்பு. மூன்று வாரம் விடாமல் சிவப்பாக இருந்தால் தொழில் உரிமத்தை நிறுத்திவைப்பார்கள். ஜனங்கள் ஆரோக்கியமாக இருக்க வேண்டுமாம். இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் என் காலை நான் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாதா? இதை அவள் கேட்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

நடக்கும்போது கை வீசும் அல்லவா, அந்த வீச்சைத்தான் பட்டை எண்ணும். தையல்காரி கையை வீசினால் துணி என்னத்துக்கு ஆகும்? ஊசிக்குப் பக்கத்தில் விரல்கள் துணியை மெல்லத் தள்ளிக்கொடுத்தபடி கிடக்க வேண்டும். கீழே கால் ஓடிக்கொண்டிருக்கும், மேலே கை தவம் செய்துகொண்டிருக்கும். பட்டை கையைப் பார்த்துக் காலுக்குத் தீர்ப்பு எழுதியது. போதாததற்கு, அரைமணிக்கு ஒரு தடவை அது கிர்ரென்று துடிக்கும். அந்தத் துடிப்பில் ஒரு காலரில் தையல் கோணிப்போய், அதைப் பிரிக்க அவளுக்குக் கால்மணி நேரம் ஆனது.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். குரலை வைத்துத் தெருக்காரர்கள் அவருக்கு ஹாரன் என்று பேர் வைத்திருந்தார்கள். மின்விசிறிக் காற்று தோளுக்கு ஆகாது என்று ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒரு அட்டையால் பொழுதுக்கும் விசிறிக்கொண்டிருப்பார். பேப்பர் படித்து முடிப்பதற்குள் பட்டையில் மூவாயிரம் ஏறிவிடும். மத்தியானத் தூக்கம் கலைவதற்கு முன்பே பச்சை. "வட்டாரத்தின் சிறந்த நடையாளர்" என்று அவருக்கு ஒரு சான்றிதழ்கூட வந்தது.

"என்னைப் பாத்துக் கத்துக்கயேன்" என்றார் மனைவியிடம்.

"எதை? விசிறவா?"

"கொஞ்சம் நடந்தா என்ன கொறஞ்சிடப் போற?"

"நீங்க எங்கங்க நடந்தீங்க? நேத்துத் தெருமுனைக் கடைக்குப் போகச் சொன்னதுக்கே முட்டி வலின்னீங்க."

"பட்டை சொல்லுதே, நடந்திருக்கேன்னு."

அவர் கிண்டல் பண்ணவில்லை, அதுதான் தொல்லை. நிஜமாகவே நம்பினார். முப்பத்தோரு வருஷ ஓட்டத்தில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியது இல்லை என்பது அவருடைய பெரிய பெருமை. மேலிடத்திலிருந்து ஒன்று வந்தால் யோசித்துத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிற மனுஷன். நல்ல மனுஷன்தான், அதிலொன்றும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது வாரமும் சிவப்பு முடிந்தபோது டெய்லரக்காவுக்குப் பயம் பிடித்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மடிப்புப் பாவாடை நாற்பது தைக்க அவளிடம் சொல்லியிருந்தார்கள். பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்டுக்கொள்வது அவள் தைத்ததைத்தான். ஒரு சீருடைக் கம்பெனிக்காரன் வேறு எப்போது இவள் கை தாழும் என்று பள்ளிக்கூட வாசலில் காத்துக்கிடக்கிறான். உரிமம் நின்றால் அந்த வேலை கையைவிட்டுப் போய்விடும், போனால் திரும்பாது. ஆகவே ஒரு காலை வேளையை வீணாக்கி நலவாழ்வு அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா, கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"வேலை நேரத்துல உக்காந்திருப்பீங்களா, நிப்பீங்களா, நடப்பீங்களா?"

"உக்காந்துதான் இருப்பேன். ஆனா கால் நடந்துகிட்டே இருக்கும்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா."

"ரெண்டும்தான் சார். மிதி மெஷின். கால் நிக்காது. வேணும்னா இங்கயே செஞ்சு காட்டட்டுமா?"

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "இங்க மூணு கட்டம்தான் இருக்கு. நாலாவது கட்டம் இல்ல."

"கட்டம் இல்லாட்டி என் கால் இல்லன்னு ஆயிடுமா?"

"உக்காந்திருப்பவர்னு போட்டுக்கறேன்" என்று தட்டினார். உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்று தினமும் காலையில் பூங்காவில் இரண்டு மணி நேர வகுப்பு நடக்கிறதாம், அதற்கு வரச் சொல்லி ஒரு சீட்டையும் நீட்டினார். ஒரு நாள் போய்ப் பார்த்தாள். விசிலோடு வந்த ஒருவன் எல்லோரையும் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இதைத்தானே வீட்டில் செய்கிறேன், அங்கே செய்தால் பாவாடையாவது மிஞ்சுமே என்று பொருமிக்கொண்டே திரும்பினாள்.

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. பட்டையைக் கழற்றிக் கணுக்காலில் கட்டிக்கொண்டாள். உழைக்கிறது கால் என்றால் கால்தானே பேச வேண்டும்? ஏமாற்று வேலை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எட்டாயிரம் வந்ததும் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்வது என்றுதான் திட்டம். ஆனால் மடிப்பு வைக்க உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு ஊர் உலகமே தெரியாது. ஒரு பாவாடைக்கு இருபத்துநான்கு மடிப்பு, ஒன்று அரை விரல் பிசகினாலும் இடுப்பு கோணிக்கொள்ளும். மடிப்பை எண்ணிக்கொண்டிருந்தவள் அடியை எண்ண மறந்துபோனாள். சாயங்காலம் எழுந்து பார்த்தபோது பச்சை விளக்கு எரிந்தது, அவளுக்கு அது போதும். எண்ணைப் பார்க்கவே இல்லை. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

நான்காம் நாள் காலையில் வாசலில் ஒரு சின்ன வயது அதிகாரி வந்து நின்றாள். கையில் ஒரு உத்தரவு, தோள் பையில் சீல் வைக்கிற நாடா.

"அம்மா, நேத்து அறுபத்தெட்டாயிரம் அடி நடந்திருக்கீங்க. முந்தாநாள் எழுபத்தோராயிரம். இந்த வயசுல இது இதயத்துக்கு ரொம்ப ஆபத்து. பதினாலு நாள் கட்டாய ஓய்வு. மெஷினுக்கு சீல் வைக்கணும்."

டெய்லரக்கா வாசலை மறித்து நின்றாள். "போன வாரம் அசையவே மாட்டேங்கறேன்னீங்க. இந்த வாரம் ஓவரா அசையறேங்கறீங்க. நான் அதே நாற்காலியில அதே வேலையத்தான்மா செய்யறேன். பட்டைதான் எடம் மாறிச்சு."

"அப்படின்னா?"

"வா. உக்காரு."

அதிகாரியைக் கையைப் பிடித்து இழுத்து மெஷினில் உட்காரவைத்தாள். தன் பட்டையை அந்தப் பெண்ணின் கணுக்காலில் கட்டி, "மிதி" என்றாள். பெண் மிதித்தாள். எண் தாவித் தாவி ஏறியது. ஒரு நிமிஷத்தில் இருநூறு. அதிகாரி மிதிப்பதை நிறுத்தினாள். அவள் முகத்தில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது. அப்பாடா, ஒரு ஆளுக்காவது விளங்கியதே என்று டெய்லரக்காவின் கண் கலங்கியது.

"எனக்குப் புரியுதும்மா" என்றாள் அதிகாரி மெதுவாக. "ஆனா உத்தரவு என் பேர்ல வந்திருக்கு. நான் சீல் வைக்காம போனா என் வேலை போயிடும். மேல எழுதிப் போடுங்க, ரெண்டு மாசத்துல பதில் வரும்."

"ரெண்டு மாசத்துல பள்ளிக்கூடத்துல பரீட்சையே வந்துடும்மா."

அதிகாரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையைத் துழாவி வேறொரு தாளை எடுத்தாள். சீல் வேண்டாம் என்றால் ஒரு வழி இருந்தது. வீட்டில் பச்சை விளக்கு உள்ளவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். மறு உத்தரவு வரும்வரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இவளை மெஷினில் உட்கார விடமாட்டேன் என்று உறுதி கொடுத்து, தினமும் நேரம் குறித்து அனுப்ப வேண்டும்.

"நான் என் வீட்ல தைக்கிறதுக்கு இவர் என்னை உக்கார விடணுமா?" என்றாள் டெய்லரக்கா.

அதற்குள் ஹாரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டார்.

"படிச்சுப் பாருங்களேன்."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான் போட்டிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பி, போடட்டுமா என்று கேட்கவில்லை. கட்டம் இல்லை என்று குமாஸ்தா சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. இப்போது கோபம்கூட வரவில்லை, வலித்தது. அரசாங்கத்துக்கு அவளைத் தெரியாது. இவருக்கு முப்பத்து நான்கு வருஷமாகத் தெரியும்.

மறுநாளிலிருந்து அவர் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்துகொண்டார். ஒன்பது மணிக்கு, "ஆரம்பி." பதினோரு மணிக்கு, "நேரமாச்சு, எழுந்திரு."

"இந்த ஒரு மடிப்பு வச்சிட்டு எழுந்துக்கறேங்க."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்மா. நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

"ஒரு நிமிஷம்."

"பஸ்ஸுல வர்றவங்ககூட இப்படித்தான் சொல்வாங்க, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னு. நான் யாருக்காகவும் நிப்பாட்டினதில்ல."

பாதி மடிப்பு ஊசியின் அடியில் கிடக்க அவள் எழுந்திருப்பாள். கையால் தைக்கலாமா என்று பார்த்தாள். முரட்டுத் துணி, ஒரு பாவாடையிலேயே விரல் வீங்கிவிட்டது. தெருமுனைப் பெண்ணிடம் கொடுக்கலாமா என்று பார்த்தாள். அவள் வைத்த மடிப்பைப் பிரிக்கவே இன்னொரு நாள் போனது. அவர் ஒவ்வொரு நாளும் நேரத்தைக் குறித்து அனுப்பினார், ஒரு நிமிஷம்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாமல். நடுவில் ஒரு நாள் அவளுக்காகத் தானே டீ போட்டுக்கொண்டு வந்து, "முகம் எவ்வளவு தெளிவா இருக்கு பார், ஓய்வு வேணும்மா உனக்கு" என்றார். அந்த டீயை அவள் குடித்தாள். என்ன செய்ய, அவர் அன்பாகத்தான் சொன்னார்.

பள்ளி திறக்கிற அன்றைக்கு இருபத்தாறு பாவாடைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். தலைமையாசிரியை மடிப்புகளைத் தடவிப் பார்த்து, எப்போதும் போல அழகு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மீதி பதினாலு பிள்ளைங்களுக்குக் கம்பெனியிலேருந்து வாங்கிட்டோம். அடுத்த வருஷத்துலேருந்து மொத்தமா அங்கயே சொல்லிடலாம்னு இருக்கோம். தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு இதய ஓய்வு உத்தரவுன்னு கேள்விப்பட்டோம். உங்க உடம்புதானே முக்கியம்."

"என் உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று தலைமையாசிரியை அவள் தோளில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தாள். உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து பின்வாசலுக்கு, பின்வாசலிலிருந்து மறுபடி கூடத்துக்கு என்று நடந்தாள். குமாஸ்தாவிடம் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் இப்போதுதான் வாயில் வந்தது. அதிகாரியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி சமையலறையில் தோன்றியது, தலைமையாசிரியைக்கான பதில் பின்வாசலில். ஒவ்வொன்றையும் பட்டை மாட்டிய கையைக் காற்றில் ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஹாரன் நாற்காலியில் இருந்தபடி அவள் போவதையும் வருவதையும் பார்த்தார். பொழுது சாயும்வரை நடந்தாள். மறுநாளும் நடந்தாள். அந்த வாரம் முழுக்க நடந்தாள். மெஷினுக்குத் துணி போட்டு மூடியாயிற்று. ஒன்பது மணிக்கு, ஆரம்பி என்று அவர் சொன்னபோது அவள் ஆரம்பிக்கவில்லை.

வாரக் கடைசியில் அவர் போனில் ஒரு செய்தி வந்தது. பொறுப்பாளர் என்பதால் அவருக்குத்தான் வரும். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"வாழ்த்துகள். உங்கள் பொறுப்பில் உள்ள நபர் ஏழு நாட்களும் பச்சை விளக்கு பெற்றுள்ளார். அவருடைய வாழ்க்கை முறை சிறப்பாக முன்னேறியுள்ளது. கட்டுப்பாடுகள் இன்றுடன் நீக்கப்படுகின்றன."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! நான் சொல்லல? இனிமே நீ எவ்வளவு நேரம் வேணா தைக்கலாம்."

"எதைத் தைக்கிறதுங்க?" என்றாள்.

அவர் மூடிக்கிடந்த மெஷினைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் வெட்டியபடியே தைக்காமல் கிடந்த பதினான்கு பாவாடைத் துணிகளைப் பார்த்தார். போனைக் கீழே வைத்தார்.

"நான் அன்னைக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். ஹாரன் என்று பேர் வாங்கியவரின் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"ஆமா" என்றாள் அவள், நடந்துகொண்டே.