அடுத்த காட்டுக் காளை

லாரி டிரைவரின் தலையைச் சவக்கிடங்கின் இரும்புக் கேட்டில் மறுபடியும் மோதப்போன அத்தானின் கையைப் பிடித்துத் தொங்கினாள் சின்னவள்.

"விடுங்க அத்தான். அவர் என்ன பண்ணுவார்?"

டிரைவர் திருப்பி அடிக்கவில்லை. மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, கேட்காமலே நடந்ததைச் சொன்னார். லாரியில் இருந்த கூண்டின் கதவைத் தூக்கிவிட்டது அக்காதான். காட்டெருமைக் காளை அடைப்புக்குள் பாய்ந்து அந்தக் கோடியை நோக்கி ஓடியது. போய்விட்டது என்று நம்பி அக்கா லாரியிலிருந்து கீழே இறங்கினாள். அது பாதி வழியில் திரும்பியது. கூண்டுக்கும் கொம்புக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொண்டாள்.

சின்னவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அறுத்துத் திறந்த வயிறு அவளுக்குத் தினப்படி வேலை. இருந்தும், அக்காவின் விலா ஒரு பக்கம் முழுக்க உள்வாங்கிக் கிடந்ததைப் பார்த்ததும் கை தானாகத் துணியை இழுத்து மூடிவிட்டது. உடலைச் சாயங்காலம்தான் தருவார்களாம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தான் விறுவிறுவென்று ஜீப்புக்குப் போனார். தோட்டத்தில் பன்றி விரட்ட வைத்திருந்த துப்பாக்கி பின்சீட்டில் கிடந்தது. சின்னவள் ஓடிப்போய் மறுபக்கம் ஏறினாள்.

"இறங்கு" என்றார்.

அவள் இறங்கவில்லை.

மலைப்பாதை முழுக்க அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. அவள்தான் என்ன சொல்லி நிறுத்துவாள்? அடுத்த காட்டிலிருந்து அந்தக் காளை வருவதற்காக அக்கா தன் பாதி ஆயுளைக் கொடுத்திருந்தாள். ஒரு பக்கம் அணை, இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை என்று நடுவில் சிக்கிக்கொண்ட காட்டெருமைக் கூட்டம் அது. எல்லாம் ஒரே கிழட்டுக் காளையின் வாரிசுகள். அக்கா அவற்றின் சாணத்தைப் பொறுக்கி வந்து, எது எதற்கு எவ்வளவு நெருங்கிய ரத்தம் என்று ஆராய்ந்தாள். கன்றுகள் கால் கோணிப் பிறந்தன. சில பால் படிந்த கண்ணோடு பிறந்து தாயைத் தேடியே செத்தன. ஒரு புது நோய் வந்தால் தாக்குப்பிடிக்க ஒன்றுகூட மிஞ்சாது, ஏனென்றால் எல்லாமே ஒரே அச்சு என்பாள்.

"சொந்தத்துக்குள்ளயே கலந்து கலந்து அழியுதுங்க. வெளியில இருந்து ஒரு மாப்பிள்ளை வேணும்" என்று எல்லா ஆபீஸ் படியும் ஏறி இறங்கினாள். கடைசியில் அனுமதி வந்த அன்று அத்தான், "எனக்கெல்லாம் உங்க வீட்டுல ஆட்டோகூட அனுப்பல, இவருக்கு லாரியா?" என்று கேட்டு, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அது போன வாரம்.

மரத்தடிகளை நெருக்கி நட்ட அடைப்புக்குள் மாப்பிள்ளை நின்றிருந்தது. இடது கொம்பில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அடைப்புக்கு வெளியே கூட்டத்துப் பசுக்கள் சில வந்து, கட்டைகளின் இடுக்கில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தன. ஜீப் சத்தம் கேட்டதும் அவை சிதறி ஓடின. கோணல் கால் கன்று ஒன்று மட்டும் விழுந்து விழுந்து கடைசியாகப் போனது.

காவலுக்கு இருந்த கால்நடை டாக்டர் குறுக்கே வந்தார். தூரத்திலிருந்து மயக்க ஊசி சுடுவதால் அக்கா அவருக்கு வைத்த பெயர் ஊசி.

"சார், வேண்டாம். மேடம் இதுக்காகத்தான்..."

அத்தானின் துப்பாக்கிக் கட்டை அவர் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் சின்னவளுக்குக் கேட்டது. அவள் அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்து கையோடு வந்தது, அவர் வரவில்லை.

முதல் குண்டு காளையின் தோளை உடைத்தது. அது ஓட இடமில்லாமல் நேராக அடைப்பின் மேலேயே பாய்ந்தது. கட்டைகள் அலறின. இரண்டாவது குண்டுக்கு முன்னங்கால்கள் மடங்கின. அப்போதும் அது தாடையால் மண்ணை உழுதபடி அவரை நோக்கியே வந்தது. அவர் மறுபடி தோட்டா போட்டு, இடுக்கில் குழலை நுழைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டார். அது சாய்ந்த பிறகும் சுட்டார். தோட்டா தீர்ந்தபின் வெறுங்குழலோடு உள்ளே போய், கட்டையால் அதன் முகத்தில் அடித்தார், கை ஓயும்வரை. பிறகு அதன் கழுத்தோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஈக்கள் வந்தன.

டாக்டர் ஊசி, முறிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி சின்னவளிடம் மெல்லச் சொன்னார். செத்த காளையின் விதையில் விந்து இன்னும் உயிரோடு இருக்கும். உடம்புச் சூடு ஆறுவதற்குள் எடுத்து, குளிரில் வைத்து லேபுக்குக் கொண்டுபோனால் அங்கே பிரித்து உறைய வைத்துவிடுவார்கள். பின்னால் பசுக்களுக்குச் செலுத்திப் பார்க்கலாம்.

"பிடிக்குமா?"

"தெரியாது. பிடிக்காமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

அவர் தன் பையிலிருந்து கத்தியை இடது கையால் எடுத்தார். பிடி நிற்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"நான் கத்தியை எடுத்துக் கொடுத்துத்தான் பழக்கம் டாக்டர். அறுத்ததில்ல."

"நான் சொல்றேன். நீங்க அறுங்க."

அவள் காளையின் பின்னால் மண்டியிட்டாள். பின்னங்கால் அடிமரம் போல விழுந்து மறைத்திருந்தது. இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. தோளால் முட்டினாள். அதற்கும் அசையவில்லை.

அத்தான் எழுந்து வந்தார். குனிந்து அந்தக் காலைத் தன் தோளில் ஏற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் கழுத்து நரம்புகள் புடைத்து நின்றன. காளையின் ரத்தம் அவர் முதுகில் வழிந்தது. அவள் அறுத்தாள். தோல் தடித்துக் கிடந்ததால் இழுத்து இழுத்து அறுக்க வேண்டியிருந்தது. ஊசி சொல்லச் சொல்ல நரம்பைக் கட்டினாள், விந்துக் குழாயைக் கட்டினாள், வெட்டினாள். ஐஸ் நேராகப் படக்கூடாது என்றார். தன் துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றி, டாக்டர் மருந்து கொண்டுவந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள்.

"நடந்ததை நான் ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும் சார்" என்றார் ஊசி.

"சொல்லுங்க" என்றார் அத்தான். டாக்டரின் முறிந்த கையைப் பார்த்தார். ஜீப்பின் கதவைத் திறந்து அவரை ஏற்றி உட்கார வைத்தார்.

சின்னவள்தான் ஓட்டினாள். மலை இறங்கும்போது அப்பாவின் போன் வந்தது. பெரியவளைக் கொடுத்துவிட்டார்களாம், வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்றாம். எல்லோரும் காத்திருக்கிறார்களாம்.

"லேபுக்குப் போயிட்டு வர்றோம்ப்பா."

"எந்த லேபுக்கு? எதுக்கு?"

"அக்கா வேலையா."

எதிர்முனையில் அப்பா பக்கத்தில் யாரையோ கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிறகு, "சரி, வாங்க. வெச்சிருக்கோம்" என்றார்.

அணைக்கரைச் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. அவள் கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட்டில் அத்தான் ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு பள்ளம் வரும்போதும், வண்டி இறங்குவதற்கு முன்பே, பெட்டியை இரண்டு கையாலும் மடியிலிருந்து சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.