தனியாளாகத் தூக்கக்கூடிய வண்டி

சவூதியிலிருந்து லீவில் வரும் ஆண்களுக்கு அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வந்திறங்கிய வாரத்திலேயே புது மோட்டார் பைக் வாங்கிவிட வேண்டும். நாற்பத்தைந்து நாளும் அது பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்குமாகப் பறக்கும். விமானம் ஏறும் நாளன்று தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த லீவு வரை பாட்டரி செத்து, எலி வயரைக் கடித்து, வண்டி முற்றத்தில் கிடக்கும். சீவலப்பேரிக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன ஊரில், ஒரே தெருவில் ஒன்பது வீடுகளில் ஒன்பது தார்ப்பாய்கள் இருந்தன.

நிலோஃபர் வீட்டில் இருந்தது அதில் பெரியது. இருநூறு சிசி. இரண்டு வருடத்துக்கு முன்னால் முஹ்சின் வாங்கியது. இந்த லீவில் அதை மாற்றி இன்னும் பெரியதாக ஒன்று எடுக்கப்போவதாகத் தம்மாமிலிருந்தே போனில் சொல்லிவிட்டான். நிலோஃபர் அப்போதே சொன்னாள், இந்தத் தடவை வண்டி தனக்கு வேண்டும் என்று. அவன் சிரித்தான். சரி, உனக்குப் பிடித்த கலரில் எடுப்போம் என்றான். அன்புள்ள மனுஷன்தான். அவள் சொன்னது கலரைப் பற்றி அல்ல என்பது மட்டும் அவனுக்கு ஏறவில்லை.

அவளுக்கு ஒரு வேலை இருந்தது. வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலை. இரண்டு வருடமாக இரண்டு ஊர்களை நடந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மூன்று ஊர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் அம்மா சொல்லியிருந்தார். அங்கே பஸ் கிடையாது, நாலு மைலுக்கு வாய்க்கால் கரைதான் பாதை. வண்டி இருந்தால் நீ, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். நிலோஃபர் யோசிக்காமல் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

திருநெல்வேலி ஷோரூமுக்கு மூன்று பேர் போனார்கள். முஹ்சினும் அவளும் பழைய வண்டியில். மாமனார் முகம்மது இப்ராஹிம் டவுன் பஸ்ஸில் முன்னதாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விற்பனையாளன் கணேஷ்ராம் நல்ல பேச்சுக்காரன். பிக்கப், டிஸ்க் பிரேக், போனை இணைக்கும் திரை என்று முஹ்சினிடம் அடுக்கிக்கொண்டே போனான். இடையில் நிலோஃபர், பாட்டரி இறங்கிப்போனால் உதைத்துக் கிளப்பக் கிக்கர் இருக்கிறதா என்று கேட்டாள். அதற்கான பதிலை அவன் முஹ்சினைப் பார்த்துச் சொன்னான். இந்தப் பெரிய வண்டிகளுக்குக் கிக்கர் வராதாம். சீவலப்பேரியில் பார்ட்ஸ் கிடைக்குமா என்று கேட்டாள். கம்பெனி சர்வீஸுக்கு இங்கேதான் வர வேண்டும் சார் என்று அதையும் முஹ்சினிடமே சொன்னான்.

"ஓட்டப்போறது நாந்தான். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

கணேஷ்ராம் விழித்தான். மாமனார் இருமினார். பொம்பளைக்கு என்றால் ஸ்கூட்டர் இருக்கிறதே, கடை கண்ணிக்குப் போய்வர அது போதுமே என்று நயமாகத்தான் சொன்னார். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து கியர் மாற்றிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும் என்பதை அவர் சொல்லவில்லை, ஆனால் அந்த இருமலில் அது இருந்தது. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் மழை பெய்த கரம்பை மண் சேற்றில் என்ன பாடுபடும் என்பதைத் தன்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் அக்காவின் வண்டியில் பலமுறை பார்த்தாயிற்று என்று நிலோஃபர் பதில் சொன்னாள். பெரிய சக்கரம் வேண்டும், கால் இரண்டும் தரையில் ஊன்ற வேண்டும், பர்தா சிக்காமல் செயினுக்கு முழுக் கவர் வேண்டும்.

முஹ்சினுக்குச் சங்கடமாகிவிட்டது. முதலில் பழைய வண்டிக்கு விலை பாருங்கள் என்று பேச்சை மாற்றினான். இரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்குள்ளேயே நின்ற வண்டி, ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, புதுசு மாதிரி என்றான்.

கணேஷ்ராம் வெளியே போய்க் குனிந்து மீட்டரைப் பார்த்தான். கிளட்ச் லீவரைத் தொட்டுப் பார்த்தான். "சார், ரெண்டாயிரத்து நூறு ஓடியிருக்கே. லீவர் வேற வளைஞ்சு நிமித்தியிருக்கு. எங்கயோ நல்லா விழுந்திருக்கு."

முஹ்சின் தன் வாப்பாவைப் பார்த்தான். அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

"நாந்தான் மச்சான்" என்றாள் நிலோஃபர்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தெருவே கண்ணயரும் மத்தியானத்தில் தார்ப்பாயை அவிழ்த்தது, பாளையங்கோட்டை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தது, கியர் வண்டிக்கே லைசென்ஸ் எடுத்தது. கைப்பையைத் திறந்து அந்த அட்டையையும் நீட்டினாள். மாமனார் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மருமகளின் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். கடைசியாக வாய்க்கால் கரையில் விழுந்ததைச் சொன்னாள். கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எத்தனை தம் பிடித்தும் அந்தக் கனத்தை அசைக்க முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து, களை எடுத்துவிட்டு வந்த பிரம்மநாயகியும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்துதான் தூக்கினார்கள்.

"எங்கிட்ட ஏம்ளா சொல்லல?" என்று முஹ்சின் கேட்டான். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

"சொன்னா சாவிய ஒளிச்சு வைக்கச் சொல்லியிருப்பீங்க."

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் பொய்யாகியிருக்கும்.

நிலோஃபர் கணேஷ்ராமிடம் திரும்பினாள். மூலையில் ஓட்டிப் பார்ப்பதற்காக நிறுத்தியிருந்த நூறு சிசி வண்டி ஒன்றைக் காட்டினாள். திரையும் இல்லை, மினுக்கும் இல்லை. கிக்கர் இருந்தது. அதை முற்றத்துக்குக் கொண்டுவந்து கீழே படுக்கப்போடச் சொன்னாள்.

"படுக்கப்போடவா?"

"ஆமா. எப்படியும் ஒரு நாள் விழுவேன். கரையில எருமைமாடு தவிர ஆள் நடமாட்டம் கிடையாது. நானே தூக்கிக்கிட முடியுமான்னு பாக்கணும்."

முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்து, சாக்கு விரித்து, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல வண்டியைச் சாய்த்தார்கள். சர்வீஸ் பிரிவிலிருந்து மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். முஹ்சின் தூக்க முன்னால் வந்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

பர்தாவை இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைக் கொடுத்துக் குந்தினாள். ஒரு கை ஹேண்டில் பாரில், ஒரு கை பின் கம்பியில். நெல் மூட்டை ஏற்றும் பெண்களிடம் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை அது. கையில் இழுக்கக்கூடாது, காலால் எழுந்திரிக்க வேண்டும். முதல் தடவை சக்கரம் வழுக்கி வண்டி மறுபடி படுத்துக்கொண்டது. யாரோ சிரித்தார்கள். முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி குந்தினாள். அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்து எழுந்தாள். வண்டி அவளோடு எழுந்து நின்றது.

சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு மூச்சு வாங்கினாள். "இதுக்குப் பில் போடுங்க."

கணேஷ்ராம் இந்தத் தடவை முஹ்சினைப் பார்க்கவில்லை. "என்ன கலர் மேடம்?" என்று அவளிடம் கேட்டான்.

மாமனார் எழுந்து, லைசென்ஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. மூன்று வேளையும் சோறு மட்டும் சூடாக வைத்தாள்.

பதிவெல்லாம் முடிந்து வண்டி கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நிலோஃபர் ஓட்ட, முஹ்சின் பின்னால் உட்கார்ந்து வந்தான். பாளையங்கோட்டையைத் தாண்டும்வரை அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தவன், அப்புறம் பைய கையைத் தளர்த்தினான். நீ நல்லாத்தான் ஓட்டுத என்று காதோரம் சொன்னான். அவளுக்குக் கழுத்தெல்லாம் சிலிர்த்தது. இன்னும் முப்பது நாளில் இந்தக் குரல் போனுக்குள் போய்விடும்.

ஊர் எல்லையில் அவன் இன்னொன்று கேட்டான். பள்ளிவாசல் முக்கு டீக்கடையில் எல்லோரும் இருப்பார்கள், அந்த இடம் மட்டும் நான் ஓட்டுகிறேன், தாண்டியதும் கொடுத்துவிடுகிறேன் என்றான். கேட்ட விதம் பாவமாக இருந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

"ஒண்ணாந்தேதி இதே முக்குல நான் தனியா வரணும் மச்சான். இன்னிக்கு எறங்கிக் குடுத்தா அன்னிக்கு என்னால ஏற முடியாது. வெக்கமா இருந்தா நீங்க எறங்கிக்கிடுங்க. நான் கோவிச்சுக்கிட மாட்டேன்."

இறங்குவதென்றால் இறங்கட்டும் என்று அவள் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள். சீட்டில் அவன் கனம் அப்படியே இருந்தது.

டீக்கடை வந்தது. பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "என்ன வே முஹ்சின், பின்னால ஏறிட்டீரு?"

"முன்னால எடமில்ல வே" என்று உரக்கச் சொல்லிவிட்டு, பெஞ்சு மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு சலாம் போட்டான் அவன்.

நிலோஃபர் கியரை மாற்றினாள். வீட்டுச் சந்து வந்தது. அவள் திரும்பவில்லை.

"எங்கன போற?"

"வாய்க்கால் கரைக்கு. வெளிச்சம் இருக்கும்போதே மூணு ஊருக்கும் வழி பாத்துட்டு வந்துருவோம். கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க, பள்ளமும் மேடுமா இருக்கும்."